‘ஒன்லி’ சொன்னால் என்ன தப்பு?

எதிர் வீட்டுப் பெண் நாலு நாளாக என்னோடு இங்கிலீஷில் பேசுவதில்லை.

இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். எனக்குச் செய்திதான். ஆறு மாத காலமாக, காலையில் நான் பால் பாக்கெட் எடுக்க வாசலுக்கு வரும்போதெல்லாம் அவள் தன் வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். “குட் மார்னிங், தாத்தா. ஹவ் ஆர் யூ டுடே?” என்று ஆரம்பிப்பாள். தமிழில் கதை எழுதிக் காலம் தள்ளியவனிடம் வந்து இங்கிலீஷ் பழகுகிறாளே என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வேறு யாரிடம் பழகுவாள்? அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். அம்மா வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள். பெண் கணக்கில் பட்டம் வாங்கிவிட்டாள். பட்டம் மட்டும் போதாது, வாய் வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம். ரெயில் பாதையைத் தாண்டி மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடியில் நடக்கும் ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ வகுப்புக்கு அம்மா தையல் காசிலிருந்து பணம் கட்டி அனுப்பினாள். அந்த வாய் இப்போது மூடிக்கொண்டுவிட்டது.

போன வாரம் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் அவளுக்குப் பேட்டி. கம்பெனியின் பெயர் வேண்டாம். அங்கே நடந்தது எங்கேயும் நடக்கக்கூடியது. அறையில் இரண்டு பேர். இரண்டு பேரும் தமிழர்கள். “வேர் ஆர் யூ ஃப்ரம்?” என்று கேட்டார்கள். “தாம்பரம், சார்” என்றாள். “நோ, நோ. நேட்டிவ் ப்ளேஸ்?” என்றார் ஒருவர். இவள் நிமிர்ந்து உட்கார்ந்து, “ஐ ஆம் ஃப்ரம் தாம்பரம் ஒன்லி, சார்” என்றாள்.

ஒருவர் புன்னகை செய்தார். மற்றவர், “ஒன்லி தாம்பரம்? வொய் நாட் குரோம்பேட் ஆல்ஸோ?” என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு, “முதலில் இந்த ஒன்லியைச் சரி பண்ணிக்கொண்டு வாம்மா” என்று சுத்தமான தமிழில் உபதேசம் செய்து அனுப்பிவிட்டார்கள். போக வர மூன்று மணி நேரம். பேட்டி ஐந்து நிமிஷம்.

அவள் அம்மா வந்து என்னிடம் சொன்னபோது கண் கலங்கினாள். “சார், இனிமே எந்த இன்டர்வியூவுக்கும் போகமாட்டேங்கறா. அவ என்ன சார் தப்பா சொல்லிட்டா?”

தப்பாக ஒன்றும் சொல்லவில்லை என்பது என் கட்சி. அதோடு நிற்கப் போவதில்லை. அந்தச் சிரிப்பைச் சிரித்தவருக்கு இங்கிலீஷும் சரியாகத் தெரியாது, தமிழும் சரியாகத் தெரியாது என்பதும் என் கட்சி. பெரிய வார்த்தைதான். நிரூபிக்கிறேன்.

முதலில் தமிழை எடுத்துக்கொள்வோம். ‘தாம்பரம் மட்டும்’ என்பது ஒன்று. ‘தாம்பரம்தான்’ என்பது வேறொன்று. முதலாவது மற்ற ஊர்களை விலக்குகிறது: குரோம்பேட்டை இல்லை, பல்லாவரம் இல்லை. இரண்டாவது உறுதி சொல்கிறது: நீ சந்தேகப்பட வேண்டாம், தாம்பரமேதான். எதிர் வீட்டுப் பெண் மனசில் ‘தான்’ என்று நினைத்தாள். வாயில் ‘ஒன்லி’ என்று வந்தது. சிரித்தவர் காதில் ‘மட்டும்’ என்று விழுந்தது. விஷயம் இவ்வளவுதான்.

ஆனால் அந்த மனிதர் வீட்டுக்குப் போய், “காப்பி இருக்கிறதா?” என்று கேட்டு, அவர் மனைவி, “இப்பத்தான் போட்டேன்” என்றால், “இப்போது மட்டும்தானா? நேற்றுப் போடவில்லையா?” என்று கேட்பாரா? கேட்டால் காப்பி கிடைக்காது. வீட்டில் புரிகிற தமிழ், ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தவுடன் புரியாமல் போகிறது.

அந்தப் பெண் ஏன் அங்கே ‘தான்’ போட்டாள் என்பதையும் யோசிக்க வேண்டும். சும்மா வாய்ப்பழக்கத்தில் போட்டதல்ல. தாம்பரத்துக்காரர்களுக்கு இந்தத் ‘தான்’ தேவைப்படுகிற ஒன்று. தெற்கேயிருந்து எழும்பூருக்குப் போகிற ரெயில்கள் தாம்பரத்தில் நின்றுவிட்டுப் போகின்றன. மூட்டை முடிச்சோடு இறங்கின எத்தனையோ குடும்பங்கள் அப்படியே இங்கே தங்கிவிட்டன. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரெயில் ஓட ஆரம்பித்தது. பட்டணத்தில் உத்தியோகம், இங்கே வீடு என்பது சாத்தியமாயிற்று. 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி பட்டணத்தை விட்டு இங்கே வந்தது. 1984-ல் சானடோரியத்தில் ஏற்றுமதி வளாகம் வந்தது. 2021-ல் தாம்பரமே மாநகராட்சி ஆயிற்று. ஒவ்வொன்றோடும் ஜனங்கள் வந்தார்கள். திருநெல்வேலி, மதுரை, தஞ்சாவூர், இப்போது பீஹாரும் ஒடிஸாவும்கூட. ஆகையால் இங்கே யாரையும் “எந்த ஊர்?” என்று ஒரு தடவை கேட்டால் போதாது. “தாம்பரம்” என்று பதில் வந்தால், “அது சரி, சொந்த ஊர்?” என்று இரண்டாவது கேள்வி தயாராக இருக்கும்.

எதிர் வீட்டுக்காரர்கள் அப்படி வந்தவர்கள் அல்ல. அந்தப் பெண்ணின் கொள்ளுத்தாத்தா, கல்லூரிக் கட்டடம் எழும்பியபோது அங்கே சிற்றாளாகச் செங்கல் சுமந்தவர் என்று அவர்கள் வீட்டில் சொல்வார்கள். சேலையூரில் அவர்களுக்கு ஏரியும் தெரியும், ஏரி இருந்த இடமும் தெரியும். இரண்டாவது கேள்வி வந்தபோது அந்தப் பெண் சொன்ன ‘ஒன்லி’யில் அதெல்லாம் இருந்தது. ‘எங்களுக்கு வேறு ஊர் கிடையாது ஐயா, இதுதான் எங்கள் ஊர்’ என்று நாலு தலைமுறைப் பாத்தியதையை ஒரு சொல்லில் சொன்னாள். அதற்கு அவர்கள் குரோம்பேட்டையைக் காட்டிச் சிரித்தார்கள்.

இதற்கு இலக்கணம் உண்டா என்று கேட்கலாம். பேஷாக உண்டு. தொல்காப்பியர் இடையியலில் ஏகாரத்துக்கு ஐந்து பொருள் சொல்கிறார்: தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை. பின்னால் வந்த நன்னூலார் இசைநிறையையும் சேர்த்து ஆறு என்றார். இதில் நமக்கு வேண்டியவை இரண்டு. ‘பிள்ளைகளில் இவனே கெட்டிக்காரன்’ என்றால் பிரிநிலை. மற்றவர்களிலிருந்து ஒருவனைப் பிரித்துக் காட்டுகிறது. ‘உண்மையே சொன்னேன்’ என்றால் தேற்றம்; சொன்னதைத் தெளிவாக்கி உறுதிப்படுத்துகிறது. இன்றையப் பேச்சில் இந்த ஏகாரத்தின் வேலையில் பெரும்பங்கைத் ‘தான்’ என்கிற சொல் பார்த்துக்கொண்டிருக்கிறது. இங்கிலீஷ்காரனுடைய ‘ஒன்லி’ பெரும்பாலும் பிரிநிலையோடு நின்றுவிடுகிறது. நம்மவர் ‘ஒன்லி’ தேற்றத்தையும் சுமக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துப் பழைய இலக்கணத்தில் இருக்கிற ஒரு வித்தியாசத்தைத் தாம்பரத்துப் பெண் அந்நிய பாஷையில் போய்ச் சொல்லப் பார்த்தாள்.

இங்கிலீஷில் போய்ச் சொல்வானேன் என்றால், அதற்கும் நியாயமான காரணம் இருக்கிறது. ‘நீ வந்தால்தான் நான் வருவேன்’ என்பதை இங்கிலீஷில் சொல்ல ‘ஒன்லி இஃப்’ என்று வாத்தியாரே கற்றுக்கொடுக்கிறார். ‘பத்து ரூபாய்தான் இருக்கிறது’ என்பதற்கும் ‘ஒன்லி’ என்கிறார். ‘நேற்றுத்தான் வந்தான்’ என்பதற்கும் ‘ஒன்லி யெஸ்டர்டே’ என்கிறார். மூன்று இடத்திலும் தானுக்கு ஒன்லி சரி. நாலாவது இடத்தில், ‘வீட்டில்தான் இருக்கிறேன்’ என்று சொல்ல நேரும்போது, குழந்தை ‘ஐ ஆம் அட் ஹோம் ஒன்லி’ என்கிறது. மூன்று தடவை சரி என்று தட்டிக்கொடுத்த கை நாலாவது தடவை பிரம்பை எடுக்கிறது. இதில் குழந்தையின் புத்திக்குறைவு எங்கே இருக்கிறது? கணக்குப் படித்த பெண் கணக்காகத்தான் யோசித்திருக்கிறாள்.

நாம் மட்டுமா இப்படி? ஹிந்திக்காரர்களுக்கு ‘ஹீ’ என்று ஒரு சொல் இருக்கிறது. அவர்களும் அதை ‘ஒன்லி’யாக்கித்தான் பேசுகிறார்கள். மலையாளத்துத் ‘தன்னெ’ நம் தானுக்குக் கூடப்பிறந்தது. ஆகவே பம்பாயிலிருந்து கொச்சி வரைக்கும் இந்த ‘ஒன்லி’ ஒலிக்கிறது. ரகேஷ் பட் என்ற மொழியியல் பேராசிரியர் இந்திய இங்கிலீஷின் இந்த ‘ஒன்லி’யையே எடுத்து ஆராய்ந்து, இது கண்டபடி வருகிற பிழை அல்ல, ஒழுங்கோடு வருகிற அழுத்தம் என்று எழுதியிருக்கிறார். அவருக்கு முன்னாலேயே காஷ்மீரத்தில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த பிரஜ் கச்ரு, இங்கிலீஷ் இந்தியாவில் எப்படி இந்தியத்தன்மை பெற்றது என்று 1983-ல் ஒரு புத்தகமே போட்டார். பண்டிதர்கள் ஆராயத் தக்கது என்று எடுத்துக்கொண்ட பேச்சைப் பேட்டி அறைக்காரர்கள் சிரிக்கத் தக்கது என்று எடுத்துக்கொண்டார்கள்.

சரி, இனி அவர்களுடைய இங்கிலீஷுக்கு வருகிறேன்.

இந்த ‘ஒன்லி’ எங்கிருந்து வந்தது? பழைய இங்கிலீஷில் ‘ஆன்லிச்’ என்று ஒரு சொல். ‘ஆன்’ என்றால் ஒன்று. ‘லிச்’ என்றால் உடம்பு, உருவம். ஒன்றின் உருவம் கொண்டது, ஒன்றே ஒன்றானது என்று அர்த்தம். இங்கிலாந்தில் பழைய மாதா கோயில்களின் வாசலில், சவப்பெட்டியைச் சற்று இறக்கிவைப்பதற்காகக் கூரை போட்ட ஒரு நுழைவாயில் இருக்கும். அதற்கு ‘லிச் கேட்’ என்று பெயர். உடம்பு என்ற அந்தப் பழைய சொல் அதில் இன்னும் இருக்கிறது. அதுவே தேய்ந்து தேய்ந்து, இங்கிலீஷ் வினையடைகளின் வாலில் தொங்குகிற ‘லி’ ஆயிற்று. நம்முடைய தானோ, ‘தான், தன்’ என்று ஆளைச் சுட்டுகிற சொல். அவர்கள் உடம்பிலிருந்து புறப்பட்டார்கள், நாம் ஆளிலிருந்து புறப்பட்டோம். இரண்டும் அழுத்தம் சொல்கிற வேலையில் வந்து சந்தித்துக்கொண்டதில் என்ன ஆச்சரியம்?

இன்னொரு வேடிக்கை. அந்தப் பழைய சொல்லுக்கு ஒப்பற்றது, மிகச் சிறந்தது, அழகானது என்ற அர்த்தங்களும் இருந்தன. அப்படிப் பார்த்தால் எதிர் வீட்டுப் பெண் ‘ஒப்பற்ற தாம்பரத்திலிருந்து வருகிறேன்’ என்று சொன்னதாக ஆகிறது. மழைக்காலத்தில் முடிச்சூர்ச் சாலையைப் பார்த்தவன் என்ற முறையில் அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். ஆனால் ஆயிரம் வருஷத்தில் ‘ஒப்பற்ற’ என்பது ‘வெறும்’ என்று சொல்லும் அளவுக்கு இறங்கி வரலாமென்றால், நம் ஊருக்கு வந்து ‘தான்’ என்று கொஞ்சம் திரும்பினால் மட்டும் குடி முழுகிவிடுமா?

உச்சரிப்பையும் பாருங்கள். ‘ஒன்’ என்ற எண்ணை இன்றைக்கு ‘வன்’ என்று சொல்கிறார்கள். ஆரம்பத்தில் அந்த ‘வ’ கிடையாது. ‘ஒன்லி’யிலும் ‘அலோன்’ என்பதிலும் பழைய ஓசை அப்படியே நிற்கிறது. ‘ஒன்’தான் தன் பிள்ளைகளை விட்டுத் தனி வழி போய்விட்டது. தங்கள் பாஷையிலே மூலச்சொல் ஒரு விதமாகவும் அதிலிருந்து பிறந்தது ஒரு விதமாகவும் ஒலிப்பதை இங்கிலீஷ்காரர்கள் சகித்துக்கொண்டிருக்கிறார்கள். நாமும் கொஞ்சம் சகித்துக்கொள்ளலாம்.

‘ஒன்லி’யை வாக்கியத்தில் எங்கே வைப்பது என்பதில் அவர்களுக்குள்ளேயே ஓயாத சண்டை. லௌத் என்ற பாதிரியார் 1762-ல் இங்கிலீஷ் இலக்கணம் எழுதினார். அந்தக் காலத்திலிருந்தே இலக்கணக்காரர்கள் ‘ஒன்லி’யை எந்தச் சொல்லுக்கு அழுத்தமோ அதன் பக்கத்தில் வை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஜனங்களோ வாய்க்கு வந்த இடத்தில், பெரும்பாலும் வினைச்சொல்லுக்கு முன்னால், வைத்துப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். 1926-ல் ஃபௌலர் தம்முடைய பெயர் பெற்ற பிரயோக அகராதியில் ஜனங்களின் பக்கம் சேர்ந்துகொண்டார். அர்த்தம் குழம்பாத இடத்தில் பேச்சு வழக்கை விட்டுவிடுங்கள், பண்டிதர்கள் வீணாக நச்சரிக்கிறார்கள் என்பது அவர் அபிப்பிராயம்.

ஏன் அந்தச் சண்டை? ‘ஐ ஒன்லி ஈட் இட்லி இன் தி மார்னிங்’ என்று ஒரு இங்கிலீஷ்காரர் எழுதினால், அவர் காலையில் இட்லிதான் சாப்பிடுகிறாரா, இட்லியைக் காலையில்தான் சாப்பிடுகிறாரா என்று காகிதத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. குரலைக் கேட்டால்தான் தெரியும். தமிழில் இந்தக் குழப்பம் எழவே எழாது. இட்லிதான், காலையில்தான், நான்தான் என்று எந்தச் சொல்லுக்கு அழுத்தமோ அதன் வாலிலேயே ‘தான்’ ஒட்டிக்கொள்கிறது. நம்மவர் பேசுகிற இங்கிலீஷிலும் ‘ஒன்லி’ அப்படியே அழுத்தம் பெறும் சொல்லுக்கு அடுத்தாற்போல் வந்து நிற்கிறது. இருநூற்றைம்பது வருஷமாக இலக்கணக்காரர்கள் தங்கள் ஜனங்களிடம் கெஞ்சிக் கேட்டதைத் தாம்பரத்து ஜனங்கள் கேட்காமலே செய்து வருகிறார்கள். இதற்குப் பரிசு, பேட்டியில் சிரிப்பு!

‘ஒன்லி’ பின்னால் வருவதே அசம்பாவிதம் என்பார்கள் சிலர். அவர்கள் தங்கள் செக்குப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கட்டும். ‘ருபீஸ் ஃபைவ் ஹண்ட்ரட் ஒன்லி’ என்று எழுதாத கை இந்தத் தேசத்தில் உண்டா? ‘லேடீஸ் ஒன்லி’ என்ற அறிவிப்பைப் பார்த்தால் ஏன் சிரிக்கவில்லை? இடம் ஒன்றுதான். பொருள்தான் அங்கே மட்டும், இங்கே தான்.

இப்போது என் எதிர்க்கட்சி வக்கீல் எழுந்திருக்கிறார். “ஐயா, பாஷை அவர்களுடையது. அவர்கள் வீட்டில் நுழைந்தால் அவர்கள் வைத்த இடத்தில்தானே செருப்பைக் கழற்ற வேண்டும்?” என்கிறார். நல்ல வாதம். ஆனால் நம் வீட்டில் நுழைந்தபோது அவர்கள் செருப்பை எங்கே கழற்றினார்கள்? திருவல்லிக்கேணியை ‘டிரிப்ளிகேன்’ ஆக்கினார்கள். எழும்பூரை ‘எக்மோர்’ ஆக்கினார்கள். மரங்களை அருகருகே வைத்துக் கட்டின நம் கட்டுமரத்தின் பெயரைக் கொண்டுபோய், இரண்டு தனித்தனி உடல் கொண்ட, கட்டுமரமே அல்லாத ஒரு படகுக்கு வைத்தார்கள். மிளகுத்தண்ணீரில் மாமிசத்தைப் போட்டு ‘மல்லிகடானி’ என்று குடித்தார்கள். எந்தத் தமிழனாவது, “முதலில் கட்டுமரத்தைச் சரி பண்ணிக்கொண்டு வா” என்று வெள்ளைக்காரனுக்கு உத்தியோகம் மறுத்தானா? அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் 1828-ல் அகராதி போட்டபோது ‘கலர்’ என்ற சொல்லில் ஓர் எழுத்தை வெட்டி எறிந்தார். அது அமெரிக்க இங்கிலீஷ் என்ற கௌரவத்தோடு உலகமெல்லாம் நடமாடுகிறது. இன்னொருவன் மாற்றினால் வழக்கு. நம் வீட்டுப் பெண் மாற்றினால் வழு!

பாஷை யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குத் தாம்பரத்திலேயே ஒரு பழைய காட்சி உண்டு. 1938 டிசம்பரில் உலகமெங்குமுள்ள கிறிஸ்தவ சபைகளின் பிரதிநிதிகள் இந்தக் கல்லூரி வளாகத்தில் கூடினார்கள். சீனா, ஜப்பான், ஆப்பிரிக்கா, ஐரோப்பா என்று நாலு திசையிலிருந்தும் வந்தார்கள். அவர்கள் எல்லாரும் லண்டன்காரர் மாதிரியா இங்கிலீஷ் பேசியிருப்பார்கள்? ஒவ்வொருவர் இங்கிலீஷிலும் அவரவர் தாயார் குரல் கேட்டிருக்கும். அதற்காக யாரையும் திருப்பி அனுப்பியிருக்கமாட்டார்கள். அதே 1938-ல்தான் ராஜா ராவ் தமது ‘காந்தபுரா’ நாவலின் முன்னுரையில், தனதல்லாத பாஷையில் தன்னுடைய ஜீவனைச் சொல்ல வேண்டியிருக்கிற கஷ்டத்தை எழுதினார். நாவலாசிரியர் செய்தால் அதற்கு இலக்கியம் என்று பெயர்.

நான் அநியாயமாகப் பேசக்கூடாது. எதிர்க்கட்சியில் ஒரு நியாயம் இருக்கிறது. எங்கோ தூர தேசத்தில் ஒருவர் கலவரத்தோடு டெலிபோனில் கேட்கிறார். நம் பெண் அவரைச் சமாதானப்படுத்துவதற்காக, “யுவர் மணி இஸ் இன் தி பேங்க் ஒன்லி” என்கிறாள். ‘பேங்கிலேதான் பத்திரமாக இருக்கிறது’ என்று இவள் சொன்னது, ‘பேங்கில் மட்டும்தான் இருக்கிறது, வேறெங்கோ வந்து சேரவில்லை’ என்று அவர் காதில் விழலாம். அப்போது அவருக்குக் கலவரம் கூடுமே தவிரக் குறையாது. ஆகையால் இரண்டு ‘ஒன்லி’ உண்டு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இன்னாரிடம் இது, இன்னாரிடம் அது என்று தெரிந்துகொண்டால் அவள் கெட்டிக்காரியாகிவிடுவாள். மாமியாரிடம் பேசுகிற மாதிரி சிநேகிதியிடமும், சிநேகிதியிடம் பேசுகிற மாதிரி மாமியாரிடமும் யாரும் பேசுவதில்லையே. அதைச் சொல்லிக்கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு நிமிஷம். அந்த அறையில் சிரிப்பதற்கும் அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும். என் கோபம், சொல்லிக்கொடுக்கிறவர்கள்மேல் அல்ல, சிரித்தவர்கள்மேல். அதிலும், அந்த ‘ஒன்லி’க்குப் பின்னால் இருக்கிற ‘தான்’ நன்றாகப் புரிந்தும், புரியாத மாதிரி சிரித்த தமிழர்கள்மேல்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்டால், ஒரு விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இதுவரை எழுதினதில்லை.

என் அப்பா தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. என்னைக் கல்லூரி விடுதியில் சேர்க்க வந்தார். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். இஸ்திரி போட்ட வேஷ்டி, மேலே அல்பாகா கோட்டு. விடுதிக் கண்காணிப்பாளர் மேஜைக்கு முன்னால் வரிசை நின்றது. எங்கள் முறை வந்ததும் அவர் தலை நிமிராமலே, “ஆர் யூ தி கார்டியன்?” என்று கேட்டார். அப்பா கைகட்டி நின்றுகொண்டு, “நோ, சார். ஐ ஆம் ஹிஸ் ஃபாதர் ஒன்லி” என்றார்.

‘கார்டியன் இல்லை, நான் இவன் அப்பாதான்.’ ஒரு தகப்பன் இதைவிடச் சரியாக என்ன பதில் சொல்ல முடியும்? ஆனால் கண்காணிப்பாளர் நிமிர்ந்து, “ஒன்லி ஹிஸ் ஃபாதர்?” என்று இழுத்தார். வெறும் அப்பாதானா என்கிற இழுப்பு. பின்னால் நின்ற பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்களில் ஒருவனாக அந்த விடுதியில் இருக்க வேண்டும் என்ற அவசரம் எனக்கு. எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து, ஏதோ மரியாதைக்காகச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தோ என்னவோ, அப்பாவும் சிரித்தார்.

அதற்குப் பிறகு நாலு வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட விடுதிக்கு வரவில்லை. மணியார்டர் வரும், கடிதம் வரும். இதுதான் காரணம் என்று சொல்ல என்னிடம் சாட்சி இல்லை. நான் சிரித்தேன் என்பதற்கு நானே சாட்சி.

ஆகவே பேட்டி அறையில் சிரித்த அந்த இரண்டு கனவான்களை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் வீட்டிலும் ஓர் அப்பா ‘ஒன்லி’ சொல்லியிருப்பார். அந்த ஒன்லியால் சம்பாதித்து, அந்த ஒன்லியால் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டித்தான் இவர்கள் ஒன்லி இல்லாத இங்கிலீஷைக் கற்றுக்கொண்டார்கள். இப்போது மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற பெண் தங்கள் அப்பாவின் குரலில் பேசினால் அவர்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. கூசாமலிருப்பதற்காகச் சிரிக்கிறார்கள். மின்சார ரெயிலில் ஒரு நாள் அவர்கள் போய்ப் பார்க்கட்டும். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் யாராவது டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு, “ஐ ஆம் இன் தி ட்ரெயின் ஒன்லி” என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். மறுமுனையில் இருப்பவர்களுக்கு அது புரிந்துகொண்டும் இருக்கிறது.

இதையெல்லாம் எதிர் வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். தொல்காப்பியர், லௌத், ஃபௌலர் எல்லாரையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். என் அப்பா கதையைச் சொன்னபோது மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். கடைசியில், “அதெல்லாம் சரி, தாத்தா. வியாழக்கிழமை இன்னோரு இன்டர்வியூ இருக்கு. அம்மா போகச் சொல்றாங்க. அங்கேயும் எந்த ஊர்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?” என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. தொல்காப்பியரை வைத்துக்கொண்டு சம்பளம் வாங்க முடியாது. “‘ஐ வாஸ் பார்ன் அண்ட் பிராட் அப் இன் தாம்பரம்’ என்று சொல்லம்மா. யாருக்கும் புரியும். ஆனால் பேச்சு வேகத்தில் ஒன்லி வந்துவிட்டால் நாக்கைக் கடித்துக்கொள்ளாதே. தலையை நிமிர்த்தி அடுத்த வாக்கியத்துக்குப் போ” என்றேன். யோசித்துக்கொண்டே எழுந்து போனாள்.

இன்று காலை நான் பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கேட்டருகில் நின்றிருந்தாள். சற்றுத் தயங்கி, “வேர் ஆர் யூ கோயிங், தாத்தா?” என்றாள்.

“டு தி மார்க்கெட் ஒன்லி” என்றேன்.

கேலி செய்கிறேனோ என்று என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். கேலி ஒன்றும் இல்லை. மார்க்கெட்டுக்குத்தான் போனேன்.